கட்டைவிரல்

ஏரியில் முழுக்கினார்கள் என்னை.
விக்டோரியா ஏரி, உகேரேவே தீவின் கரை,
ஞாயிறு காலை, கணுக்கால் வரை சேறு.
பாஸ்டர் மச்சிபியா ஒரு கையால் பிடரியைத் தாங்கி
மறுகையால் மூக்கைப் பொத்தி
மூன்று பெயர் சொல்லி அமிழ்த்தினார்.
என் வலது கை மட்டும்
தண்ணீருக்கு மேலே எதையோ பிடிக்கத் தவித்ததாம்.
கரையில் நின்றவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை.
நனையாமல் தப்பியது எதுவென்று
எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சந்தை.
நான்சியோ துறையில் காய்ந்த டகா மீன்,
விரல் நீளம்கூட இல்லாத வெள்ளிப் பொடிசுகள்,
சாக்குச் சாக்காய் இறங்குகிறது.
தலையில் புது வெள்ளைத் துணி, வாயில் ஆலயப் பாட்டு.
தராசைத் தூக்கினேன்.
கட்டைவிரல் தானாகப் போய்
மீன் தட்டின் விளிம்பில் உட்கார்ந்தது,
அவிழ்த்து விட்டாலும்
கட்டுத்தறிக்கே திரும்பும் மாடு மாதிரி.

பதினேழு வருஷம்.
கிலோவுக்கு ஒரு கைப்பிடி.
அந்தக் கைப்பிடிகளில்தான் கூரைக்குத் தகரம் போட்டேன்,
மகனை முவான்சாவில் படிக்க வைத்தேன்.
போன ஞாயிறு காணிக்கைப் பையிலும்
அதில் கொஞ்சம் விழுந்தது.

ஆண்டவரே, நெஞ்சைக் கழுவினீர்.
நெஞ்சா தராசு பிடித்தது?

கிட்டெங்கே துணியின் ஓரத்தைக் கிழித்து
விரலைச் சுற்றிக் கட்டினேன், வலிக்க வலிக்க.

அப்போதுதான் ரோபி வந்தாள்.
நாலு பிள்ளைக்காரி.
ஒருநாளும் அரைக் கிலோவுக்கு மேல் வாங்கியதில்லை.
"விரலில் என்ன, காயமா?"
ஆமாம்.
"எத்தனை நாளாய்?"
ரொம்ப நாளாய், என்றேன்.

நிறுத்தேன். முள் நேராக நின்றது.
அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"கணக்குத் தப்பிவிட்டாய், நியாமிசி.
அரைக் கிலோ எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?"
ஒரு கைப்பிடி அள்ளி
என் சாக்கிலேயே திருப்பிப் போட்டாள்.

அதே கைப்பிடி.
அளவு எடுத்த மாதிரி.

ஏரியில் எனக்கு மூச்சு முட்டவில்லை.
இங்கே முட்டியது.
சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.
பக்கத்துக் கடை முகேட்டா கேட்கும்படிதான் சொன்னேன்,
மெல்லச் சொல்லத் தெரியவில்லை.

ரோபி திட்டவில்லை.
போட்டதைத் திரும்ப அள்ளிக்கொண்டாள்,
காசை எண்ணி வைத்தாள், போனாள்.
அடுத்த வாரம் வரவில்லை.
அதற்கடுத்த வாரமும்.

வந்தவர்கள் வேறு.
ஒருத்தி காறித் துப்பினாள்.
ஒருவன் சொந்தத் தராசோடு வந்தான்.
முகேட்டா தலையில் அடித்துக்கொண்டான்:
"சாமியைக் கோயிலிலேயே விட்டு வரக் கூடாதா?
சந்தைக்கு ஏன் கூட்டி வந்தாய்?"

இப்போதெல்லாம் கிலோவுக்கு ஒரு கைப்பிடி
கொசுறு போடுகிறேன்.
என் ஆயுளுக்குள் தீராது இந்தக் கடன்.
தீராமலிருப்பதும் நல்லதுதான் என்று
சில நாள் தோன்றுகிறது.
சில நாள் சாக்கைப் பார்த்து வயிறு எரிகிறது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலாவது செவ்வாய்
ரோபியின் மூத்த பெண் பையோடு வந்து நின்றாள்.
"முதலில் விரலைக் காட்டச் சொன்னாள் அம்மா."

கட்டை அவிழ்த்தேன்.
துணிக்குள் கிடந்த தோல் வெளுத்து, சுருங்கி,
அப்போதுதான் பிறந்தது போலிருந்தது.
குனிந்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.
"ம். நிறுங்கள்."

தராசு உயர்ந்தது.
விரல் நடுங்கியது, விளிம்பைத் தேடியது.
அதை மற்ற நாலு விரலுக்குள் மடக்கிப்
பொத்திக்கொண்டேன்,
ஏரியில் பாஸ்டர் என் மூக்கைப் பொத்தியது போல,
மூன்று பெயர் சொல்லி.